குழந்தைகள் மருத்துவத்தில் உளவியலாளருக்கு என்ன வேலை?

உடல்நோயோடு இருக்கும் குழந்தையின் பயம், வலி, மருந்து எடுக்கும் பழக்கம், பெற்றோரின் பதற்றம் இவற்றைக் கவனிக்கும் துறைதான் குழந்தைநல உளவியல். அமெரிக்காவில் 1968-ல் இதற்கென்றே ஒரு சங்கம் உருவானது. இன்று டைப் 1 நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா, நாள்பட்ட மலச்சிக்கல் வரை இதன் சிகிச்சையும் ஆய்வும் விரிந்திருக்கின்றன.

உடல்நோய்க்கு உளவியலாளர் எதற்கு? ஒரு காரணம் இதுதான்: வலியை உணர்வது மூளை, பயம் அதைக் கூட்டிவிடும். விளையாட்டு மும்முரத்தில் முட்டி சிராய்த்தது தெரியாது. வீட்டுக்கு வந்து ரத்தத்தைப் பார்த்ததும்தான் எரியும்.

ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்து படுக்கவைத்து அமுக்கினால் அன்றைக்கு வேலை முடியும். அடுத்த முறை ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுகை தொடங்கும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து அணைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் மரத்துப்போகும் களிம்பு எழுதியிருந்தால் சுமார் 1 மணி நேரம் முன்பே பூச வேண்டும்; கடைசி நிமிடத்தில் பூசிப் பலனில்லை. கைக்குழந்தைக்கு, ஊசிக்குச் சற்று முன்பிருந்தே தாய்ப்பால் கொடுக்கலாம். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையைச் சோப்புக் குமிழி ஊதச் சொல்லுங்கள்: மூச்சு நீளும், கை தளரும். இறுகிய தசையில் ஊசி கூடுதலாக வலிக்கும்.

"வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லவேண்டாம். அது பொய் என்று அடுத்த நொடியே தெரிந்துவிடும். பிறகு உங்கள் பேச்சை நம்பாது. "சுருக்குன்னு இருக்கும், அஞ்சு எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்" போதும்.

உளவியலாளரிடம் அனுப்பினால் பிள்ளைக்கு மனநோய் என்றோ, வலி நடிப்பு என்றோ பொருள் இல்லை. வலி உண்மை என்பதால்தான் அனுப்புகிறார்கள்.