உரிமம் முடிந்தபின் வந்திறங்கிய அம்மோனியம் நைட்ரேட்: அபராதம் கட்டினால் சரக்கு கிடைக்குமா?

ஓசூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். மருத்துவமனைகளுக்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயு தயாரிக்கும் சிறிய தொழிற்கூடம் அவருடையது. அதற்காக வரவழைத்த ஒரு கண்டெய்னர் அம்மோனியம் நைட்ரேட் சென்னையில் இறங்கியபோது, இறக்குமதி உரிமம் முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. சுங்கத்துறை நிறுத்திவிட்டது. "அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள்" என்கிறாராம் கஸ்டம்ஸ் புரோக்கர். நம்பலாமா?

நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். சுங்கச் சட்டத்தின் 125-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். சாதாரணச் சரக்கைப் பறிமுதல் செய்தால், அபராதம் கட்டி மீட்கும் வாய்ப்பை அதிகாரி கொடுத்தே ஆக வேண்டும். தடை செய்யப்பட்ட சரக்கென்றால் கொடுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். 'என் சரக்குக்குத் தடையே இல்லையே, உரிமம்தானே முடிந்தது' என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் இறக்குமதிக்கு விதித்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் அதுவும் தடைச் சரக்குதான் என்று 2003-இல் ஓம் பிரகாஷ் பாட்டியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2021-இல் அளவு மீறி வந்த பட்டாணிக்கே முழுப் பறிமுதலை அதே நீதிமன்றம் உறுதி செய்தது. உங்களுடையதோ வெடிபொருள் சட்டத்தின் கீழ் 2012-இல் வந்த அம்மோனியம் நைட்ரேட் விதிகளுக்கு உட்பட்ட சரக்கு.

வழக்கு இழுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 2015-இல் தென்கொரியாவிலிருந்து கரூர் நிறுவனம் ஒன்று வரவழைத்த சுமார் 740 டன்னைச் சுங்கத்துறை பிடித்தது. உரத் தரம் என்று சொல்லப்பட்டது வெடிபொருள் தரம் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நடந்த ஆண்டுகளெல்லாம் 37 கண்டெய்னர்கள் மணலியில் ஒரு சரக்கு நிலையத்தில் கிடந்தன. 2015 வெள்ளத்தில் கொஞ்சம் கெட்டும் போனது. 2020 ஆகஸ்டில் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் கிடந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்த பிறகுதான், மிச்சமிருந்த 697 டன் அவசரமாக ஹைதராபாத்துக்குப் போனது. ஐந்து வருடம் அது அங்கே இருந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. பிடிபட்ட சரக்கை விரைவாக ஏலம் விட 2021-இல் விதி திருத்தப்பட்டது. அதனால் இனி நீங்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே சரக்கு ஏலத்துக்குப் போகலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. முதலில், வெறுமனே நிறுத்தி வைத்திருக்கிறார்களா, கைப்பற்றி மகஜர் (சாட்சிகள் முன் எழுதும் பறிமுதல் பதிவு) எழுதியிருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். கைப்பற்றிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஷோ காஸ் நோட்டீஸ் (விளக்கம் கேட்கும் அறிவிப்பு) வர வேண்டும், காரணம் எழுதி இன்னொரு ஆறு மாதம் நீட்டலாம். அதுவும் தாண்டினால் சரக்கைத் திருப்பித்தரக் கேட்டு உயர் நீதிமன்றம் போகலாம். மற்றபடி நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் 'மேல்முறையீட்டுக்குப் போ' என்றுதான் பெரும்பாலும் அனுப்புவார்கள். சுங்கத்துறையின் மேல்முறையீட்டு ஆணையரிடம் போக 60 நாள், காரணம் காட்டினால் கூடுதலாக 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள் தாண்டினாலும் கதவு அடைத்துவிடும்.

மாதிரி எடுக்கும்போது உங்கள் ஆள் பக்கத்தில் நிற்கட்டும். தரம் பற்றிய சந்தேகம் வந்தால் அந்தச் சிறு பொட்டலம்தான் உங்களைக் காப்பாற்றும். உரிமத்தைப் புதுப்பிக்க விண்ணப்பித்த தேதி, கப்பலில் ஏற்றிய தேதி, தொழிற்கூடத்தின் பழைய பயன்பாட்டுக் கணக்கு மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். அதிகாரியின் விருப்ப உரிமை உங்கள் பக்கம் சாய வேண்டுமானால், சரக்கு வேறெங்கும் போகாது என்று அவருக்கு நம்பிக்கை வர வேண்டும். அது முடியாதென்றால் அனுப்பியவருக்கே திருப்பி ஏற்றுமதி செய்ய அனுமதி கேளுங்கள். நஷ்டம்தான், ஆனால் முழுப் பறிமுதலைவிடக் குறைவு. சரக்கு நிலைய வாடகையைத் தள்ளுபடி செய்யச் சுங்கத்துறைச் சான்றும் வாங்குங்கள். 2009 விதிகளில் அதற்கு இடம் இருக்கிறது.

இன்னொன்று. இந்த வாரமே நிலையத்துக்கு ஆள் அனுப்பி, உங்கள் கண்டெய்னருக்குப் பக்கத்தில் என்ன அடுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். டீசலோ, எண்ணெயோ, எரியும் பொருளோ இருந்தால் அன்றைக்கே சுங்கத்துறைக்கும் வெடிபொருள் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அமைப்பான பெசோவின் அலுவலகத்துக்கும் எழுதுங்கள்.