தோப்பில் கணக்குப் போடும் பிள்ளை வகுப்பில் ஏன் வாய் திறப்பதில்லை?

கேள்வி: வேப்பனப்பள்ளி பக்கம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, சிலர் கன்னடம். மாங்காய் சீசன் வந்தால் அப்பா அம்மாவோடு தோப்புக்குப் போய்விடுகிறார்கள். ஸ்டார் ஒட்டினேன், பேனா பரிசு கொடுத்தேன், கொஞ்ச நாள்தான் தாங்கியது. கேள்வி கேட்டால் ஒருத்தரும் வாய் திறப்பதில்லை, மணி அடித்தால் ஒரே கூச்சல். படிப்பில் ஆர்வத்தை எப்படி வரவழைப்பது?
— ஓர் ஆசிரியை

பதில்: ஆர்வம் அவர்களிடம் இருக்கிறது டீச்சர், உங்கள் பாடத்துக்குள் அது நுழைய வழிதான் இல்லை. தோப்புக்குப் போகிற பிள்ளைக்கு பெங்களூரா ரக மாங்காய் என்ன விலை போகிறது, மண்டியில் கழிவு எவ்வளவு பிடிக்கிறார்கள், கமிஷன் எவ்வளவு என்றெல்லாம் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கும். அதையே கரும்பலகையில் எழுதுங்கள்: ஒரு டன் காய், கிலோ 20 ரூபாய். கழிவு 50 கிலோ, மிச்சத்துக்கு 10 சதவீதம் கமிஷன். கைக்கு எவ்வளவு வரும்?

கழிவு 5 சதவீதம், கமிஷன் 10, ஆக 15 சதவீதம் போச்சு என்று பிள்ளைகள் உடனே சொல்வார்கள். சரி, போட்டுப் பாருங்கள் என்று விடுங்கள். 950 கிலோவுக்கு 19,000 ரூபாய், அதில் கமிஷன் 1,900 போனால் கையில் 17,100. 20,000-க்கு 2,900 குறைகிறது, அதாவது 14.5 சதவீதம். அந்த அரை சதவீதம் எங்கே போனது? இந்த இடத்தில்தான் வகுப்பு சூடு பிடிக்கும், ஏனென்றால் இது அவர்கள் வீட்டுப் பணம். கமிஷன் மொத்தக் காய்க்கு இல்லை, கழிவு போன மிச்சத்துக்குத்தான் என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அப்புறம் அந்தக் கூச்சல். 1970-களில் ஹவாய் தீவுகளில் கமேஹமேஹா என்ற பெயரில் நடந்த தொடக்கக் கல்வித் திட்டத்தில் இதே சிக்கல்தான். அந்த ஊர்ப் பிள்ளைகள் வீட்டில் கதை பேசும்போது ஒருத்தர் ஆரம்பிக்க, இன்னொருத்தர் நடுவில் புகுந்து தொடர்வது வழக்கம். வகுப்பிலோ கையைத் தூக்கி ஒவ்வொருத்தராகச் சொல்ல வேண்டும் என்றதும் வாயடைத்துப் போனார்கள். வாசிப்புப் பாடத்தில் எல்லாரும் சேர்ந்து பேசிப் பதிலைக் கட்ட விட்டார்கள், வாசிப்பும் தேறியது. நீங்களும் நாலு நாலு பேராக உட்காரவையுங்கள். தெலுங்கில் பேசட்டும், கன்னடத்தில் சண்டை போடட்டும், முடிவைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். வீட்டு மொழியில் யோசிக்கவே கூடாது என்றால் அந்தப் பிள்ளை யோசிப்பதையே விட்டுவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பொங்கலுக்கு வேட்டி சேலையில் வரச்சொல்லி, கும்மி ஆடவைக்கிறோம். பண்பாட்டை ஒட்டிய கற்பித்தல் என்பது இதுதானே?
— தமிழாசிரியர், தருமபுரி

பதில்: விழா நல்லதுதான் ஐயா, ஆனால் கற்பித்தல் அது இல்லை. 1995-ல் இதற்கு ஒரு கோட்பாடே வகுத்த அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் முதலில் கேட்பது பிள்ளை பாடத்தில் தேறுகிறதா என்பதை. தன் பண்பாட்டை விடாமல் இருப்பதும், சுற்றி நடக்கும் அநியாயத்தைக் கேள்வி கேட்பதும் அதோடு சேர்ந்தவை. பாவம், கிராமத்துப் பிள்ளை என்று பாடத்தை இளக்கிக் கொடுப்பதை அவர் ஒப்புக்கொள்ளவே மாட்டார், நானும்தான்.

நீங்கள் இருப்பது அதியமான் ஆண்ட தகடூர் மண். ஔவை அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன புறநானூற்றுப் பாட்டை (95) எடுங்கள். தொண்டைமானின் வேல்கள் மயில்பீலி சூடி, நெய் பூசி, காவலோடு வீட்டில் இருக்கின்றன. அதியமானுடையவை முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் அடிக்கிறாள் ஔவை. உங்கள் பக்கம் பாரதக் கூத்து விடிய விடியப் பார்த்த பிள்ளைகள் இருப்பார்கள். இந்தப் பாட்டைக் கூத்தாக எழுதச் சொல்லுங்கள். கூத்தில் கேலி பேசும் கட்டியங்காரன் வந்து தொண்டைமானை என்ன கேட்பான்? அதை எழுத வேண்டுமானால் பாட்டை வரி வரியாகப் புரிந்துகொண்டே ஆகவேண்டும், கோனார் உரை பார்த்து ஒப்பேற்ற முடியாது.

கேள்வி: இதையெல்லாம் செய்தால் போர்ஷன் முடியுமா?
— பெயர் வேண்டாம், காவேரிப்பட்டணம்

பதில்: எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம். பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழுகிற பாடம் எது என்று உங்களுக்கே தெரியும், பருவத்துக்கு ஒன்றிரண்டு. அதற்கு மட்டும் செய்யுங்கள். எப்படியும் அந்தப் பாடத்தைத் தேர்வுக்கு முன்னால் இரண்டாம் முறை நடத்தத்தான் போகிறீர்கள், அந்த நேரத்தை முதலிலேயே செலவழியுங்கள்.