வண்டி நின்றால் நிற்கட்டும், தவணையை நிறுத்தாதீர்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா, வக்கீலான எனக்கு ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான்: ஏழு மாதத்துக்கு முன் ஏழு பேர் உட்காரும் பழைய வேன் ஒன்றை 62,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வங்கிக் கடனில் வாங்கினார்கள். இரண்டாம் மாதத்திலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிறது. கடைசியாக நின்றது பினாங்குப் பாலத்தின் நடுவில், உள்ளே மூன்று பிள்ளைகள், பின்னால் லாரியின் ஹார்ன். சென்சாரும் ஃபியூல் பம்பும் மாற்றித் தருகிறேன், கூலி மட்டும் கொடுங்கள் என்று டீலர் சொல்ல, அவர் கணவர் கோபத்தில் போனை வைத்துவிட்டார். வழக்குப் போட்டு முழுப் பணத்தையும் வாங்க முடியுமா, அதுவரை வங்கித் தவணையை நிறுத்தலாமா என்பது கேள்வி.

அக்கா, டீலர் மரியாதையில்லாமல் பேசியது, மைத்துனர் 'அப்பவே சொன்னேன்' என்றது, விளம்பரத்தில் 'ஒரே ஓனர், லேடி டிரைவர்' என்று போட்டிருந்தது, எல்லாவற்றையும் ஓரமாக வையுங்கள். உங்கள் ஆறு பக்கத்தில் நான் தேடியது ஒன்றைத்தான்: கோளாறை டீலரிடம் எழுத்தில் எப்போது சொன்னீர்கள், சரிசெய்ய எத்தனை தடவை வண்டியைக் கொடுத்தீர்கள்? வாட்ஸ்அப் மூன்று, வண்டியைக் கொடுத்தது ஒரே தடவை. அங்கேதான் உங்கள் கேஸ் பலவீனமாக இருக்கிறது.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழைய வண்டிக்கும் பொருந்தும். 'உள்ளது உள்ளபடி' என்று ரசீதில் கையெழுத்து வாங்கிவிட்டால் தப்பிவிடலாம் என்று டீலர் நினைத்தால் அது தவறு. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வரிசை இருக்கிறது. சரிசெய்யக்கூடிய கோளாறு என்றால் முதலில் விற்றவரைச் சரிசெய்யச் சொல்லவேண்டும். அவர் மறுத்தாலோ, நியாயமான காலத்துக்குள் முடிக்கவில்லை என்றாலோதான் வேறு இடத்தில் செய்து செலவைக் கேட்கலாம், அல்லது வண்டியையே திருப்பிக் கொடுக்கலாம். திருப்பிக் கொடுக்கும் உரிமையும் ரொம்ப நாள் சும்மா இருந்தால் போய்விடும். ஏழு மாதம் ஓட்டிவிட்டு 'வேண்டாம்' என்றால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது இதைத்தான்.

சரி, தவணைக்கு வருவோம். என்னிடம் வருகிறவர்கள் விழும் குழி இதுதான். வண்டி ஓடவில்லை, நான் ஏன் கட்டவேண்டும் என்பது மனுஷ நியாயம், ஆனால் கடைசித் தவணை வரை வண்டி சட்டப்படி வங்கியுடையது, எஞ்சின் நிற்கிறது என்பதற்காகத் தவணை நிற்காது. அடுத்தடுத்து இரண்டு தவணை தவறினால் போதும், வங்கி நோட்டீஸ் அனுப்பும், 21 நாள் கழித்து வண்டியை இழுத்துக்கொண்டு போகும். விலையில் முக்கால் பங்குக்குமேல் கட்டியிருந்தால் கோர்ட் உத்தரவு வேண்டும். ஏழு மாதத்தில் நீங்கள் அங்கே வந்திருக்க மாட்டீர்கள். வண்டி போனதோடு முடியவில்லை. அதை ஏலத்தில் அடிமாட்டு விலைக்கு விற்று, மீதிக் கடனை உங்களிடமே கேட்பார்கள், வங்கிகள் பார்க்கும் உங்கள் கடன் பதிவும் (சிசிரிஸ்) கெடும். அதைவிடப் பெரிய நஷ்டம், உங்கள் ஒரே சாட்சி அந்த எஞ்சின்தான், அதுவும் யார் கைக்கோ போய்விடும். அப்புறம் டீலர் 'எங்கே கோளாறு, காட்டுங்கள்' என்று சிரிப்பார். உங்களிடம் காட்ட என்ன இருக்கும்?

இதே குழியின் இன்னொரு பக்கம், பொறுமையிழந்து தெரிந்த போமனிடம், அதாவது மெக்கானிக்கிடம், கொடுத்துவிடுவது. அவர் நல்ல மனிதராக இருப்பார், 400 வெள்ளிக்கு, எஞ்சின் சுழற்சியை அளக்கும் கிராங்க் சென்சாரை மாற்றிவிட்டுப் பழையதைக் குப்பையில் போட்டுவிடுவார், சாட்சியும் சேர்ந்து போகும். நான் போமன் இல்லை, ஆனாலும் சூடானால் நின்று ஆறினால் ஓடும் வண்டிகளில் பல தடவை அந்தச் சென்சாரோ பம்போதான் காரணமாக இருந்திருக்கிறது. வொர்க்‌ஷாப்பில் ஆறிய எஞ்சினைப் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு ஜாப் ஷீட்டில் 'டெஸ்ட் ஓகே' என்று எழுதுவார்கள், நீங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவீர்கள். அந்தத் தாளை டீலர் பத்திரமாக வைத்திருப்பார். அடுத்த தடவை 'சூடான பிறகு நிற்கிறது, நீண்ட தூரம் ஓட்டிப் பார்க்கவேண்டும்' என்று நீங்களே அதில் எழுதிவிட்டு, அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோர்ட்டுக்குப் போகாமல் டீலர்மீது புகார் தரும் இடமான பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் பதியும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 5 வெள்ளி கட்டணம், மூன்று வருடத்துக்குள், வக்கீல் வரக்கூடாது, எனக்கும் பிழைப்பு இல்லை. உச்சவரம்பு 50,000 வெள்ளி. உங்களுக்கு வரவேண்டியது 62,000 என்றாலும், அங்கே போக 50,000-க்கு மேற்பட்டதை விட்டுக்கொடுக்கவேண்டும், இரண்டாகப் பிரித்துப் போட முடியாது. கோர்ட்டுக்குப் போனால் என் ஃபீஸும் நிபுணர் ஃபீஸும் சேர்ந்து இந்தப் பழுதுச் செலவைத் தாண்டிவிடும்.

அதனால் நேராகச் சொல்கிறேன், டீலர் கொடுத்த ஆஃபரை எடுத்துக்கொள்ளுங்கள். கூலியையும் அவரே ஏற்கட்டும் என்று கேளுங்கள், மறுத்தாலும் அதற்காக உடைக்காதீர்கள். ஆனால் எழுத்தில் வேண்டும்: மாற்றிய பழைய பாகங்கள் உங்களிடம் வரவேண்டும், இதே கோளாறு ஆறு மாதத்துக்குள் திரும்பினால் இலவசமாகச் செய்வார் என்று இருக்கவேண்டும். 'இத்துடன் எல்லாம் தீர்ந்தது' என்று ஒரு கடிதம் நீட்டினால் இரண்டு மாதம் ஓட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அதே கோளாறு திரும்பினால் அந்த ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு தீர்ப்பாயத்துக்குப் போங்கள், இப்போது இருப்பதைவிட அப்போது உங்கள் கேஸ் உறுதியாக இருக்கும்.

கணவரை ஒரு தடவை போன் எடுக்கச் சொல்லுங்கள். வண்டியை டீலரிடம் இழுவை லாரியில் அனுப்புங்கள், ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஓட்ட வேண்டாம். நிற்கும் என்று தெரிந்தே ஓட்டி யார்மீதாவது மோதினால் அந்த வழக்கில் எதிர்வாதி நீங்கள்தான்.