உடம்புக்குள் போன பொருளுக்கு யார் பொறுப்பு? – வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வலி மாத்திரை சாப்பிட்டதிலிருந்து வயிற்றெரிச்சல். வேலைக்கே போக முடியவில்லை. கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?

பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் பிரித்துப் படியுங்கள். வயிற்றெரிச்சல் வரலாம் என்று அதில் அச்சிட்டிருந்தால் வழக்கு நிற்பது கடினம். கம்பெனிக்குத் தெரிந்தும் சொல்லாமல் மறைத்த பாதிப்பு என்றால் கதை வேறு.

கேள்வி: மருந்துச்சீட்டு கேட்காத ஓர் இணையதளத்தில் பாதி விலைக்குத் தூக்க மாத்திரை வாங்கினேன். உடம்பெல்லாம் தடிப்பு. தளத்தில் முகவரியே இல்லை. நஷ்ட ஈட்டை யாரிடம் கேட்பது?

முகவரி இல்லாதவனுக்குப் பணம் அனுப்பும்போது வந்திருக்க வேண்டிய கேள்வி. மிச்ச மாத்திரைகளை உறையோடு மருத்துவரிடமும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் கொடுங்கள், அடுத்தவராவது தப்பிக்கட்டும். பணத்தை மறந்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வைத்த செயற்கை இடுப்பு மூட்டு சில ஆண்டுகளிலேயே ஆட்டம் கண்டுவிட்டது. நடந்தால் கிரீச்சென்று சத்தம். மறு அறுவைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். எந்தக் கம்பெனி மூட்டு என்று கேட்டால், "வெளிநாட்டுச் சரக்கு, நல்ல சரக்கு" என்பதோடு சரி.

உங்கள் அம்மாவை நினைத்து வருந்துகிறேன். அந்தப் பதிலை நினைத்தால் ஆத்திரம்தான் வருகிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் உத்தரவாத அட்டையைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிற நாம், எலும்போடு எலும்பாகப் பொருத்திய பொருளுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கேட்பதில்லை. நான் பல முறை எழுதிச் சலித்த விஷயம் இது. இன்னொரு முறை எழுதுகிறேன்.

இம்பிளான்ட், அதாவது உடம்புக்குள் பொருத்தும் கருவி, வரும் பெட்டிக்குள்ளேயே சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். கம்பெனி பெயர், மாடல், அளவு, எந்தத் தொகுப்பில் தயாரானது என்று காட்டும் லாட் எண் எல்லாம் அதில் இருக்கும். அறுவை முடிந்ததும் ஒன்றை மருத்துவமனைக் குறிப்பில் ஒட்டுவார்கள். இன்னொன்று நோயாளியின் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் கேளுங்கள், கொடுக்கும் வரை கேளுங்கள்.

அந்த ஸ்டிக்கர் எதற்கு? 2010 ஆகஸ்டில் டிப்யூ நிறுவனம் தான் தயாரித்த ஏ.எஸ்.ஆர். என்ற மாடல் இடுப்பு மூட்டுகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. உலகம் முழுவதும் சுமார் 93,000 பேருக்கு அவை பொருத்தப்பட்டிருந்தன. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. இப்படிப்பட்ட அறிவிப்பு முதலில் மருத்துவமனைக்கும் மருத்துவருக்கும்தான் போகும். மருத்துவர் வேறு ஊருக்குப் போயிருப்பார், நீங்கள் வீடு மாறியிருப்பீர்கள். தன் மூட்டின் பெயரே தெரியாதவர் அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தாலும் யாருக்கோ வந்த கஷ்டம் என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார்.

உடனே செய்ய வேண்டியவை: பழைய அறுவைக் குறிப்பின் நகலை, ஸ்டிக்கர் ஒட்டிய பக்கத்தோடு எழுதிக் கேட்டு வாங்குங்கள். கழற்றும் மூட்டைக் குப்பையில் போடக்கூடாது, கம்பெனி ஆளிடம் கொடுக்கக்கூடாது, எங்களுக்கு வேண்டும் என்று அறுவைக்கு முன்பே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். "சோதித்துவிட்டுத் தருகிறோம்" என்று கம்பெனிக்காரர் இனிக்க இனிக்கப் பேசுவார். வழக்கின் முக்கியச் சாட்சியை எதிராளியின் ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு எதை வைத்து வாதாடுவீர்கள்? உலோக மூட்டு என்றால், ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: அரசு அங்கீகாரம் பெற்ற கருவியில் குறை எப்படி இருக்கும்?

பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் தயாரித்த மார்பக இம்பிளான்ட்களிலும், ஐரோப்பாவில் விற்கத் தேவையான சி.இ. தர முத்திரை இருந்தது. உள்ளே நிரப்பியிருந்ததோ மருத்துவத்துக்கு அனுமதி இல்லாத தொழிற்சாலை சிலிகான். 2010இல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். 2013இல் நிறுவனர் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டார். அமெரிக்காவில் பல கருவிகள், ஏற்கெனவே விற்பனையில் உள்ள ஒன்றுக்குச் சமம் என்று காட்டியே உள்ளே நுழைகின்றன. மேலே சொன்ன இடுப்பு மூட்டில் ஒரு வகையும் அந்த வாசல் வழியாக வந்ததுதான். நான் வாங்கிய ரத்த அழுத்தக் கருவியின் பெட்டியிலும் முத்திரைகளுக்குப் பஞ்சமில்லை. சந்தேகம் வந்து, கைப்பட்டையைச் சுருட்டி மேசைமேல் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். மேசைக்கு 128/84 என்று காட்டியது.

கேள்வி: அப்பா தினமும் சாப்பிட்ட மாத்திரையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அவருக்கு மாரடைப்பு வந்தது. பில்கள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வயாக்ஸ் என்ற மூட்டுவலி மாத்திரை மாரடைப்பு அபாயத்தால் 2004இல் சந்தையை விட்டுப் போனது. 2007இல் அதைத் தயாரித்த மெர்க் நிறுவனம், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 485 கோடி டாலருக்குச் சமரசம் பேசியது. அந்தச் சமரசத்தில் பணம் பெற மாரடைப்போ பக்கவாதமோ வந்ததற்குச் சான்று வேண்டியிருந்தது. குறைந்தது 30 மாத்திரை வாங்கியிருக்க வேண்டியிருந்தது. கடைசி மாத்திரைக்கும் பாதிப்புக்கும் இடைவெளி 14 நாளுக்குள் இருக்க வேண்டியிருந்தது. மாத்திரையை எண்ணித்தான் காசு. ஆகவே மருந்துக்கடைக் கணினியிலிருந்து பழைய விற்பனைப் பதிவு, மருத்துவமனைக் கோப்பு, காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்த பில் நகல் மூன்றையும் துரத்துங்கள். பில் இல்லை என்று கைவிட்டுவிடாதீர்கள். சமரசப் பத்திரம் வந்தால் கடைசிப் பக்கம்வரை படியுங்கள். இனி எந்த உரிமையும் கோரமாட்டேன் என்ற வரி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மருந்தின் மேல் வழக்கு என்று விளம்பரம் பார்த்தேன். அன்றே நிறுத்திவிட்டேன். சரிதானே?

தவறு. நீங்களாக நிறுத்தினால் பக்கவாதம் வரக்கூடும். விளம்பரம் கொடுத்தவர் வழக்கறிஞர், உங்களுக்கு மருத்துவரல்ல. இன்றே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கருவி வைத்து வெகுகாலம் ஆகிறது. கோளாறு போன மாதம்தான் தெரிந்தது. காலக்கெடு முடிந்திருக்குமா?

பாதிப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கிடும் நாடுகள் பல. ஆனால் அதற்கு மேலே இன்னொரு கெடுவும் இருக்கலாம். ஐரோப்பிய நாடுகளின் 1985ஆம் ஆண்டுச் சட்டநெறியில், தெரிந்ததிலிருந்து 3 ஆண்டு, பொருள் சந்தைக்கு வந்ததிலிருந்து 10 ஆண்டு. உங்கள் நாட்டுக் கணக்கை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். கோளாறு முதலில் தெரிந்த தேதியுள்ள அறிக்கையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே போங்கள்.