ரஷ்ய வோட்கா: கேட்டவையும் பதில்களும்

வோட்காவுக்கு 40 சதவீதம் என்று அளவு வைத்தவர் மெண்டலீவ்தானே?

இல்லை. தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் 1865இல் ஆல்கஹாலும் தண்ணீரும் கலப்பது பற்றி ஆய்வேடு எழுதியது உண்மை. வோட்காவின் அளவை அவர் வகுத்தார் என்பது பின்னால் கிளம்பிய கதை.

ஜார் காலத்திலும் இதே வோட்காதான் இருந்ததா?

இல்லவே இல்லை. அப்போது ரை தானியத்தைப் புளிக்கவைத்துச் செம்புப் பானைகளில் வடித்தார்கள். முட்டை வெள்ளைக்கருவும் மரக்கரியும் போட்டுத் தெளியவைத்தார்கள். சரக்கு சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு: கொஞ்சம் எடுத்துச் சூடாக்கிக் கொளுத்துவார்கள், எரிந்து அணைந்ததும் பாதி மிஞ்சினால் சரி. இன்றைய கணக்கில் அது சுமார் 38.5 சதவீதம். பெயர் பொலுகார். 1895இல் அரசு ஏகபோகம் தொடங்கியது. ஆலையில் சுத்திகரித்த சாராயத்தில் தண்ணீர் கலந்ததே வோட்கா என்றானது. ரை ரொட்டியின் வாசமே போய்விட்டது. எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது. இந்த நூற்றாண்டில் வோட்கா வரலாற்றை ஆராயும் ரஷ்யரான பரீஸ் ரதியோனவ் அதை மீட்டெடுத்து, போலந்தில் வடித்து விற்கிறார்.

ஃப்ரீசரில் வைக்கலாமா?

சாதாரண வோட்கா என்றால் நன்றாகக் குளிரட்டும். பொலுகாரை வைக்காதீர்கள், குளிரில் அதன் மணம் அடங்கிவிடும்.

ஜூஸ் கலந்தால்?

ரஷ்ய வழக்கம் அது அல்ல. 50 கிராம் கோப்பை, ஒரே மடக்கு, உடனே ஒரு வாய் சாப்பாடு. (அங்கே வோட்காவை கிராமில்தான் கேட்பார்கள்.)

சைடிஷ் என்ன?

அதுதான் முக்கியம்! அதற்கு 'ஸகூஸ்கா' என்று பெயர். உப்பு நீரில் புளித்த வெள்ளரி, வெங்காயம் தூவிய ஹெர்ரிங் மீன், கறுப்பு ரொட்டிமேல் சீவி வைத்த பன்றிக் கொழுப்பு, ஊறிய காளான். வெள்ளரியை வினிகரில் போட்டதாக வாங்காதீர்கள். சோம்புத் தழை போலத் தெரியும் டில் தழை, பூண்டு, குதிரைமுள்ளங்கி இலை சேர்த்துத் தானாகப் புளித்ததுதான் வேண்டும். வெறும் வயிற்றில் குடிக்கவே கூடாது.

மேசையில் கவனிக்க வேண்டியது?

யாராவது நாலு வார்த்தை பேசிய பிறகே கோப்பையைத் தூக்குங்கள். மூன்றாவது சுற்றைப் பலர், குறிப்பாகப் படைவீரர்கள், இறந்தவர்களுக்காக எழுந்து நின்று குடிப்பார்கள். அப்போது கோப்பையை இடிக்கக் கூடாது. அப்புறம், காலி பாட்டிலை மேசையில் விடாமல் தரையில் வையுங்கள்.

நான் குடிப்பதில்லை, விருந்துக்குப் போகலாமா?

தாராளமாக. கிரான்பெர்ரியில் செய்த மோர்ஸ் பானம் கேளுங்கள், வெள்ளரியும் ஹெர்ரிங்கும் அதோடும் நன்றாகப் போகும்.