மூன்று பேர் சிரிக்கிறோம், கேட்பவர் சிரிக்கவில்லையே!

கேள்வி: நாங்கள் மூன்று பேர் கல்லூரிக் காலத்து நண்பர்கள். வாட்ஸ்அப்பில் நாங்கள் போடும் வாய்ஸ் நோட்டுகளைக் கேட்டுவிட்டு, "பாட்காஸ்ட் தொடங்குங்களேன்" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். போன வாரம் இரண்டு மணி நேரம் பேசிப் பதிவு செய்தோம். பேசும்போது வயிறு வலிக்கச் சிரித்தோம். மறுநாள் போட்டுக் கேட்டால் ஒரே சத்தம், எங்களுக்கே சிரிப்பு வரவில்லை. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா? ஸ்கிரிப்ட் எழுத வேண்டுமா? ரீல்ஸுக்காக கேமராவும் வைக்கலாம் என்கிறான் ஒருவன். இன்னொருவன் கொஞ்சம் தயங்குகிறான்.

பதில்: மறுநாள் போட்டுக் கேட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். பதிவு செய்த சூட்டோடு ஏற்றிவிட்டு, அப்புறம் கமெண்டுக்காகக் காத்திருப்பவர்கள்தான் அதிகம்.

மைக்கிலிருந்தே தொடங்குவோம். ஓர் அறையில் நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினாலும், வேண்டிய ஒருவர் பேச்சை மட்டும் நம்மால் பிடித்துக்கொள்ள முடிகிறது. காலின் செர்ரி என்ற ஆய்வாளர் 1953-லேயே இதைச் சோதித்து எழுதியிருக்கிறார். ஒலி இரண்டு காதுகளுக்கும் சற்றே வேறுவிதமாக வந்து சேர்வது, குரல்களைப் பிரித்துக்கொள்ள மூளைக்கு உதவுகிறது. மேஜை நடுவில் ஒரே ஒரு போனை வைத்துப் பதிவு செய்தால் அந்த வசதி போய்விடும். மூன்று குரலும் ஒரே இடத்திலிருந்து, ஒன்றின் மேல் ஒன்றாக வந்து விழும். நேரில் உங்களுக்குக் கலகலப்பாக இருந்தது, பதிவில் சந்தைக் கூச்சலாகப் போனது இதனால்தான்.

ஆகவே விலை உயர்ந்த ஒரு மைக்கைவிட சுமாரான மூன்று மைக் மேல். ஆளுக்கு ஒன்று, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். பக்கத்தில் இருப்பவரின் மைக் அதைப்போல் மூன்று மடங்காவது தள்ளி இருக்கட்டும். வாங்குவதாக இருந்தால் டைனமிக் வகையைப் பாருங்கள். கண்டென்சர் வகை, அறையில் இருக்கிற சத்தத்தையெல்லாம் சேர்த்து இழுத்துக்கொள்ளும். எதுவும் வாங்க வேண்டாம் என்றாலும் சரி, அவரவர் போனில் அவரவர் குரலைப் பதிவு செய்யுங்கள். தொடங்கும்போது பலமாக ஒரு கைதட்டு. ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அந்தத் தட்டலை அடையாளமாக வைத்து மூன்று டிராக்கையும் நேர்படுத்திவிடலாம். மெத்தையும் திரைச்சீலையும் இருக்கிற அறை நல்லது, எதிரொலி குறையும். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தால் மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிச் சிரியுங்கள்.

இவ்வளவும் செய்தால் சத்தம் தெளிவாகும். சிரிப்பு வருமா என்பது வேறு சங்கதி.

உங்கள் வாய்ஸ் நோட்டுக்குச் சிரித்தவர்கள் யார்? உங்களைத் தெரிந்தவர்கள். "அன்னைக்கு ஹாஸ்டல் மாடியில..." என்று நீங்கள் ஆரம்பித்தாலே அவர்களுக்கு மாடியும் தெரியும், விழுந்தவனும் தெரியும். தெரியாத ஒருவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்கும்போது, மூன்று பேர் எதற்கோ சிரிக்கிறார்கள், தன்னை மட்டும் சேர்த்துக்கொள்ளவில்லை என்றுதான் தோன்றும். விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலிலேயே நிற்க வைத்த மாதிரி. அதனால் உங்களில் ஒருவர் அந்த வெளி ஆளுக்காகக் கேள்வி கேட்பவராக இருக்க வேண்டும். "இரு, யார் அது? ஏன் மாடிக்குப் போனான்?"

2005 டிசம்பரில் ரிக்கி ஜெர்வைஸ், ஸ்டீபன் மெர்ச்சன்ட் என்ற இரண்டு நகைச்சுவைக்காரர்கள் ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார்கள். மூன்றாவது ஆள் கார்ல் பில்கிங்டன், அவர்களுடைய பழைய வானொலி நிகழ்ச்சியின் தயாரிப்பாளர். அவர் ஜோக் சொல்லவே மாட்டார். தனக்குத் தோன்றிய விசித்திரமான யோசனைகளை முழு நம்பிக்கையோடு விளக்குவார், மற்ற இருவரும் குறுக்கு விசாரணை செய்வார்கள். அதிகம் டவுன்லோட் செய்யப்பட்ட பாட்காஸ்ட் என்று அது கின்னஸ் வரை போனது. இதில் கவனிக்க வேண்டியது, சிரிக்க வைக்கிறவர் ஒருவர், கேள்வி கேட்கிறவர் வேறொருவர் என்பதுதான். மூன்று பேரும் பஞ்ச் அடிக்கக் கிளம்பினால் பந்தைப் பிடிக்க ஆளே இருக்காது.

ஸ்கிரிப்ட் வேண்டாம். எழுதி வைத்துப் படித்தால் பள்ளி ஆண்டு விழா நாடகம் மாதிரி ஆகிவிடும். ஒரு சீட்டில் மூன்று விஷயங்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: எந்தக் கதையில் ஆரம்பிக்கிறோம், பேச்சு தொய்ந்தால் எங்கே தாவுவோம், எதில் முடிக்கிறோம். உழைப்பெல்லாம் எடிட்டில்தான். இரண்டு மணி நேரத்தை அரை மணியாக்குங்கள். முதல் இருபது நிமிடம் பெரும்பாலும் தொண்டையைச் செருமிக்கொள்வதுதான், தயங்காமல் தூக்குங்கள். ஆனால் மௌனத்தையெல்லாம் மொத்தமாக நறுக்கிவிடாதீர்கள். ஒருவன் அபத்தமாக ஏதோ சொன்னதும் மற்ற இருவரும் ஒரு நொடி வாயடைத்துப் போவார்களே, அந்த நொடிதான் ஜோக்கே.

சினிமாப் பாட்டு வேண்டாம், காப்புரிமைச் சிக்கல் வரும். "பத்து விநாடி போட்டால் தப்பில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி ஒரு விதி கிடையாது. யூடியூபின் அமைப்பு தானாகவே கண்டுபிடித்துவிடும்.

கேமரா இப்போது வேண்டாம் என்பது என் கட்சி. கேமரா வந்ததும் நண்பனைப் பார்த்துப் பேசுகிறவன் லென்ஸைப் பார்த்துப் பேச ஆரம்பிப்பான். பத்து எபிசோட் போகட்டும். அப்புறம் கிளிப் போடும்போது பேச்சின் எழுத்து வடிவத்தையும் திரையில் சேருங்கள், சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்க்கிறவர்கள் நிறைய.

கிளிப்பில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒருவனை நீங்கள் கலாய்ப்பதற்கு முன்னால் அரை மணி நேரம் அவனும் உங்களைக் கலாய்த்திருப்பான். முப்பது விநாடி கிளிப்பில் அது இருக்காது. இரண்டு பேர் சேர்ந்து ஒருவனை மட்டம் தட்டுவது மட்டும் ஊரெல்லாம் சுற்றும்.

தயங்குகிற நண்பரை இதனால்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அவரிடம் தனியாகப் பேசுங்கள், குழுவில் கேட்டால் "சரிடா" என்றுதான் சொல்வார். நானும் இரண்டு நண்பர்களுமாக ஒரு காலத்தில் இப்படி ஒன்று நடத்தினோம். ஆறாவது எபிசோடில் ஒருவனுடைய நின்றுபோன கல்யாணத்தைப் பற்றிப் பேசினோம். அவனே சிரித்தான், அவனே சம்மதித்தான். வெளிவந்து நாலு நாள் கழித்து அவன் போனை எடுக்கவில்லை. அந்தப் பெண்ணின் வீட்டார் கேட்டிருக்கிறார்கள். பெயரைச் சொல்லவில்லைதான், ஆனால் தெரிந்தவர்களுக்குப் பெயர் எதற்கு? ஏழாவது எபிசோட் வரவே இல்லை.

அதனால் பதிவுக்கு முன்பே ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்றுவதற்கு முன் மூன்று பேரும் முழுதாகக் கேட்க வேண்டும். யார் எந்த இடத்தை வெட்டச் சொன்னாலும் வெட்ட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. அது எவ்வளவு நல்ல ஜோக்காக இருந்தாலும் சரி.

அந்த இரண்டு மணி நேரப் பதிவை அழித்துவிடாதீர்கள். அதில் தேறுகிற ஐந்து நிமிடத்தை மட்டும் எடுத்து, உங்கள் மூவரையும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பாருங்கள். எந்த இடத்தில் அவர் கை தன் போனைத் தேடுகிறதோ, அதைக் குறித்துக்கொண்டு வந்து வெட்டுங்கள்.