சாய்வும் மறைவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓய்வு நேரத்தில் ஆங்கிலச் சிறுகதைகளைத் தமிழாக்கிப் பார்ப்பது என் பழக்கம். இப்போது கையில் இருக்கும் கதையில் ஒரு கணவன், ‘நாளைக்குச் சாவு வீட்டுக்கு வருகிறாயா?’ என்று கேட்கிறான். மனைவி, ‘கோழிகளுக்கு யார் தீனி வைப்பது?’ என்கிறாள். அவளுடைய பதிலை ‘ஆப்ளிக்’ (oblique) என்கிறார் கதாசிரியர். நான் ‘மறைமுகமான பதில்’ என்று எழுதினேன். படித்துப் பார்த்த நண்பர், கட்டடப் பொறியாளர், ‘ஆப்ளிக் என்றால் சாய்வு அல்லவா?’ என்றார். அகராதியில் இரண்டும் இருக்கின்றன. போதாததற்கு ‘நேர்மையற்ற’ என்றும் இருக்கிறது. மகளின் உயிரியல் பாடத்தில் அதே பெயரில் ஒரு வயிற்றுத் தசை. தொலைபேசியில் கதவு எண்ணைச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் நடுவில் ஓர் ‘ஆப்ளிக்’ சேர்த்துத் திருப்பிச் சொல்கிறார். எல்லாம் ஒரே சொல்தானா? எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு தமிழ்ச் சொல் உண்டா?

கு., திருச்சி

அன்புள்ள கு.,

ஒரே சொல்தான். எல்லாவற்றுக்கும் பொருந்துகிற தமிழ்ச் சொல் கிடையாது, தேடி அலையவும் வேண்டாம். என் சண்டை உங்களுடைய ‘மறைமுக’த்தோடு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொல்வது மூலப்பொருள். லத்தீனிலிருந்து வந்த சொல். அங்கேயே சாய்ந்தது, குறுக்காகப் போவது என்றுதான் பொருள். வடிவியலில் செங்கோணமாகவோ நேர்கோணமாகவோ இல்லாத எந்தக் கோணமும் ஆப்ளிக்தான். குறுங்கோணமா விரிகோணமா என்ற கவலை அதற்கு இல்லை. பத்து ரூபாய் நாணயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, அடுக்கை விரலால் மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளுங்கள். சாய்ந்த உருளை கிடைக்கும். உயரமும் மாறவில்லை, கன அளவும் மாறவில்லை. பூமியின் அச்சு அப்படித்தான் சுமார் 23.4 பாகை சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வுக்கும் வானியலில் இதே சொல்லின் பெயர்தான். அந்தச் சாய்வு இல்லையென்றால் மார்கழிப் பனியும் இல்லை, சித்திரை வெயிலும் இல்லை.

மகளின் பாடத்துக்கு ஓர் எளிய வழி உண்டு. காற்சட்டைப் பைகளில் இரண்டு கைகளையும் விடச் சொல்லுங்கள். விரல்கள் எந்தப் பக்கம் சரிந்து இறங்குகின்றனவோ, வயிற்றின் வெளிச் சாய்வுத் தசையின் இழைகளும் அந்தப் பக்கமே ஓடுகின்றன. அதன் அடியில் இருக்கும் உட்சாய்வுத் தசை அதற்குக் குறுக்காக ஓடும். கண்ணிலும் இதே பெயர் வருகிறது. கண்விழியைத் திருப்பும் ஆறு தசைகளில் நான்கு நேர்த்தசைகள், இரண்டு சாய்வுத் தசைகள். மேல் சாய்வுத் தசையின் நாண் மூக்குப் பக்கம் உள்ள ஒரு சிறு வளையத்துக்குள் நுழைந்து, கிணற்றுக் கயிறு உருளையில் திரும்புவதுபோலத் திரும்பி, பின்புறமாகச் சாய்ந்து கண்ணைப் பிடிக்கிறது. உடற்கூற்றியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது.

இலக்கணத்திலும் இந்தச் சொல் நுழைந்திருக்கிறது. வேற்றுமைக்கு லத்தீனில் உள்ள பெயருக்கே ‘விழுதல்’ என்றுதான் பொருள். எழுவாய் நேராக நிற்பது. மற்ற வேற்றுமைகள் சாய்ந்து விழுபவை. இந்தியில் ‘லட்கா’ என்பது ‘கோ’ வந்ததும் ‘லட்கே’ ஆவதை இந்தப் பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். நம் ‘மரம்’ நிமிர்ந்து நிற்கிறது. ‘ஐ’ வந்து ஒட்டப் போகிறது என்றதும் ‘மரத்து’ என்று சாய்ந்து இடம் கொடுக்கிறது. நம் இலக்கணக்காரர்கள் நடுவில் நிற்கும் ‘அத்து’வைச் சாரியை என்றார்கள். மேற்கத்தியர் மரம் வளைந்ததைப் பார்த்தார்கள், நாம் முட்டுக்கொடுத்த கழியைப் பார்த்தோம். நேர்கூற்று, அயற்கூற்று என்று பள்ளியில் படித்தோமே, அந்த அயற்கூற்றும் லத்தீனில் ‘சாய்ந்த பேச்சு’தான்.

அகராதியின் ‘நேர்மையற்ற’ பழைய பொருள். இன்று அந்தப் பொருளில் எழுதுபவர்கள் மிகக் குறைவு. ஆனால் அப்படி ஒரு பொருள் தோன்றியதில் வியப்பில்லை. ‘நேர்’ என்ற சொல்லிலிருந்து நேர்கோட்டையும் நேர்மையையும் எடுத்தவர்கள் நாம். கோணல் கழியும் உண்டு, கோணல் புத்தியும் உண்டு. சொல்லில் கோட்டம், உள்ளத்தில் கோட்டம் என்று குறள் பேசுகிறது. கோட்டம் என்றால் வளைவு. நேர்கோட்டுக்குக் கிடைக்கிற இந்த மரியாதை எல்லா மொழிகளிலும் கொஞ்சம் அதிகம்தான்.

இப்போது மறைமுகத்துக்கு வருவோம்.

மறைமுகம் என்றால் முகத்தை மறைத்துக்கொள்வது. அந்தச் சொல் வந்ததும் வாசகர் ஒளிந்திருப்பது யார் என்று தேடத் தொடங்கிவிடுவார். ஆப்ளிக்கில் ஒளிவு கட்டாயமில்லை. பக்கத்திலிருந்து வருகிறது, அவ்வளவுதான். இதை நானே இடறி விழுந்துதான் கற்றுக்கொண்டேன்.

பல ஆண்டுகளுக்கு முன் தொல்லியல் சார்ந்த ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தேன். தேய்ந்த கல்வெட்டுகளைப் படம் எடுப்பதற்கு ‘ஆப்ளிக்’ ஒளி சிறந்தது என்று அதில் ஒரு வரி. நான் ‘மறைமுக ஒளி’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். அச்சாகியும் விட்டது. கல்வெட்டுப் படிக்கும் நண்பர் ஒருவர் என்னைத் திட்டவில்லை. ஒரு பிற்பகலில் ஒரு பழைய கோயிலுக்கு அழைத்துப் போனார். உச்சி வெயில் சாயத் தொடங்கிய நேரம். அடித்தளத்துக் கல்லைக் காட்டி, ‘படியுங்கள்’ என்றார். வழவழப்பான கல், வேறு ஒன்றும் இல்லை. பிரகாரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். ஐந்தரை மணி வாக்கில் வெயில் கல்லை உரசினாற்போல் பக்கத்திலிருந்து விழுந்தபோது மறுபடியும் காட்டினார். ஒவ்வொரு கீறலும் தன் பள்ளத்தில் ஒரு நிழலை வைத்துக்கொண்டு எழுந்து நின்றது. எழுத்துகள் வரிவரியாகத் தெரிந்தன. நேராக விழும் ஒளி பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றுபோல் நிரப்பிவிடும். சாய்ந்து விழும் ஒளியில்தான் ஆழம் குறைந்த கீறலும் தெரியும். ஓவியப் பாதுகாப்பாளர்கள் பழைய ஓவியங்களில் வண்ணம் உப்பியிருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பதும் இப்படிப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துத்தான். வெளிக்காட்டுவதற்கென்றே இருக்கிற ஒளிக்கு நான் மறைமுகம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆங்கிலச் சட்டத்திலும் இதே வேறுபாடு இருக்கிறது, அங்கே அதன் விளைவு மிகப் பெரியது. சரக்குக்கான காப்பீட்டுப் பணத்துக்காக ஒருவன் விமானத்தில் வெடிகுண்டு வைக்கிறான் என்று சட்ட மாணவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்வார்கள். பயணிகள் சாக வேண்டும் என்பது அவன் ஆசை இல்லை. அவர்கள் பிழைத்தால் அவனுக்கு மகிழ்ச்சிகூட. ஆனால் குண்டு வெடித்தால் சாவார்கள் என்பது அவனுக்கு உறுதியாகத் தெரியும். அந்தச் சாவும் அவனுடைய நோக்கத்தில் அடங்கியதாகக் கொள்ளலாம். அதற்கு ‘ஆப்ளிக்’ நோக்கம் என்று பெயர். நேர் நோக்கம், ஆப்ளிக் நோக்கம் என்ற இந்தப் பிரிவினை ஆங்கிலச் சட்டச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தாமிடமே இருக்கிறது. 1998ல் வூலின் என்பவரின் கொலை வழக்கில், அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, விளைவு ஏறக்குறைய நிச்சயம் என்பதும் அது அவனுக்குத் தெரிந்திருந்தது என்பதும் அளவுகோல் என்று உறுதிசெய்தது. இதை ‘மறைமுக நோக்கம்’ என்று எழுதினால், அவன் வேறு ஏதோ ஒன்றை மனத்தில் ஒளித்து வைத்திருந்தான் என்றாகிவிடும். அவன் எதையும் ஒளிக்கவில்லை. அவன் பார்த்தது பணத்தை, பட்டது பயணிகள் மேல். நான் எழுதினால் ‘பக்கவாட்டு நோக்கம்’ என்பேன். அழகாக இல்லைதான், பொய்யாகவும் இல்லை.

தமிழில் இதற்குச் சொற்பஞ்சம் கிடையாது. எந்த இடத்துக்கு எது என்பதில்தான் சிக்கல். பார்வை என்றால் கடைக்கண், ஓரக்கண். ஒரு கண்ணை மட்டும் சுருக்கிப் பார்ப்பதற்குக் குறள் ‘சிறக்கணித்தல்’ என்ற சொல்லையே வைத்திருக்கிறது. பேச்சு என்றால் சாடை. மருமகள் காதில் விழும்படி மாமியார் பூனையைத் திட்டுகிறாளே, அது சாடை. அங்கே ஒளிவே இல்லை, தெருவுக்கே கேட்கும். பூடகம் வேறு, அதில் புதிர் இருக்க வேண்டும். சுற்றிவளைத்தலில் நேரம் வீணாக வேண்டும். அகப்பாட்டில் உள்ளுறை என்றால் மரமும் மீனும் பறவையும் பேச, மனிதர்கள் சும்மா நிற்பார்கள். ‘மறைமுகம்’ வேண்டிய இடமும் உண்டு: மறைமுக வரி, மறைமுகத் தேர்தல். ஆங்கிலத்தில் அங்கே ஆப்ளிக் வருவதில்லை என்பதைக் கவனித்தீர்களா?

உங்கள் கோழிக்காரி. அவள் எதையும் மறைக்கவில்லை. வரமாட்டேன் என்பது கணவனுக்குப் புரிந்துவிட்டது, நமக்கும் புரிகிறது. அதனால் ‘அவள் நேராகப் பதில் சொல்லவில்லை’ என்று எழுதுங்கள், போதும். ‘சாடையாகச் சொன்னாள்’ என்றால் குத்தல் ஏறிவிடும்; அவளுக்கும் செத்தவருக்கும் பகை என்று கதையில் முன்னால் வந்திருந்தால் மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள். கதை என்னுடையதாக இருந்தால் அந்த வரியையே எழுதியிருக்க மாட்டேன், கோழி சொல்லிவிட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு அந்த உரிமை இல்லை. வைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கதவு எண்ணை மறந்துவிட்டேனே. அந்தச் சாய்ந்த கோட்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர்களில் ஒன்றுதான் நம் அலுவலகங்களில் தங்கிவிட்டது. அவர்கள் வாயில் அது ‘அப்லீக்’. அமெரிக்க ராணுவ அணிவகுப்பில் ‘ஒப்லைக்’ என்கிறார்கள். நமக்கு ஆப்ளிக். தமிழில் சாய்கோடு என்ற நல்ல சொல் இருக்கிறது. நான் தொலைபேசியில் ‘பன்னிரண்டு சாய்கோடு நான்கு’ என்று சொல்லிப் பார்த்தேன். எதிர்முனையில் சிறிது நேரம் அமைதி. பிறகு, ‘ஐயா, அந்தத் தெரு எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார்கள்.